மான் வராத தீனிப்பீப்பாய்

கார்லண்ட் ஈபலிங் கடைப்படி ஏறுவதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்ததும், லியோனா ரைன்பாக் குடித்துக்கொண்டிருந்த காபியைப் பாதியில் வைத்தாள். மூன்று வருடமாக அந்த மனிதரின் முகத்தில் விழிக்காமல் தப்பித்து வந்திருக்கிறாள். தேவாலயத்தில் அவர் வலப்பக்கம் உட்கார்ந்தால் இவள் இடப்பக்கம். பார்பிக்யூ கடை வாசலில் அவருடைய வெள்ளை பிக்கப் நின்றால் இவளுக்கு அன்றைக்குப் பசிக்காது. இப்போது அவரே தேடி வருகிறார்.

லியோனாவின் துப்பறியும் அலுவலகம் என்பது எலூத்தேரியோ கான்டூ என்கிற டேயோவின் கடைக்குப் பின்பாதி. டேயோ செத்த மான்களின் தலைகளைப் பாடம் செய்து சுவரில் மாட்டித் தருகிறவன். ஐம்பத்தெட்டு வயது, தொந்தி, ஓயாத வாய். வேட்டைக் காலம் இல்லாதபோது அவன் லியோனாவுக்கு உதவியாள். வேட்டைக் காலத்தில் லியோனா தனக்கு உதவியாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வான். அவளை 'ஹெஃபா' என்றுதான் கூப்பிடுவான். அவன் வீட்டு ஸ்பானிஷில் முதலாளியம்மா என்று அர்த்தம்.

ஈபலிங் பன்னிரண்டு மான் தலைகளுக்குக் கீழே உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். அறுபது வயதுக்கு வாட்டசாட்டமான உடம்பு. சீடர் பிளஃப் ஊருக்கு மேற்கே ஆயிரத்து நூறு ஏக்கர் பண்ணை. நவம்பர் முதல் சனிக்கிழமை வேட்டை திறந்தால் டல்லாஸிலிருந்தும் ஹூஸ்டனிலிருந்தும் ஆட்கள் வந்து அவருடைய பரண்களில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். அதற்கு இன்னும் இரண்டரை வாரம் இருந்தது. அதற்குள் எவனோ, மான்களை வரவழைக்கச் சோளம் நிரப்பி வைக்கும் அவருடைய தீனிப்பீப்பாய் ஒன்றைக் குறிவைத்துத் தொல்லை கொடுக்கிறானாம். பீப்பாயைச் சுற்றிப் பன்றி புகாமல் போட்ட கம்பிவேலியைத் திறந்துவிடுகிறான். காட்டுப்பன்றிகள் தினமும் வந்து தரையை உழுதுவிட்டுப் போகின்றன.

"அதுகூடப் பரவாயில்ல" என்றார் ஈபலிங். "என் நிலத்துல என் பீப்பாய்கிட்ட நான் போறேன். ரோட்டுப் பக்கம் எங்கேயோ ஒரு வண்டி ஹாரன் அடிக்குது, மூணு தடவை. நான் திரும்பிட்டா நின்னுடுது. ராத்திரி போனா குன்றுமேல இருந்து ஹெட்லைட்டைப் போடறான். யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

ஷெரீஃபிடம் போகவில்லையா என்று லியோனா கேட்டாள். பன்றி விஷயத்துக்கா என்று அவர் சிரித்தார்.

"அவங்ககிட்ட படிவம் இருக்காது, ஹெஃபா" என்றான் டேயோ, ஒரு மானின் கண்ணாடிக் கண்ணைத் துடைத்தபடியே. "சந்தேகப்படும் நபர்னு இருக்கும். சந்தேகப்படும் பன்னின்னு இருக்காது."

லியோனா வேலையை ஒப்புக்கொண்டாள். தானும் தன் ஆட்களும் பண்ணைக்குள் எந்த நேரமும் நுழையலாம் என்று ஒரு காகிதத்தில் எழுதி அவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். அவர் போனதும் டேயோ துணியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தான். ஏன் ஒப்புக்கொண்டாய் என்று அவன் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும்.

லியோனா இருபத்திரண்டு வருடம் அரசாங்கத்தின் வேட்டைக் காவல் அதிகாரியாக இருந்தவள். அவள் கடைசியாகக் கையெழுத்திட்ட பெரிய அறிக்கை ஈபலிங் பண்ணையில் நடந்த சாவைப் பற்றியது. அங்கே வேலை செய்துவந்த இருபத்து நாலு வயது டோபின் டிட்மர் ஒரு சனிக்கிழமை மாலை, ஓக் மரங்களுக்கு அடியிலிருந்த தீனிப்பீப்பாய் அருகே சுடப்பட்டு இறந்தான். சுட்டவர் ஈபலிங். பரணிலிருந்து பார்த்தபோது பழுப்பாக ஏதோ குனிந்தது, பன்றி என்று நினைத்துச் சுட்டேன் என்று தரையில் உட்கார்ந்து அழுதார். பையன் மேல் பழுப்பு ஜாக்கெட்தான் இருந்தது. மற்ற வேட்டைக்காரர் கண்ணில் தப்பாமல் படுவதற்காகப் போட்டுக்கொள்ளும் ஆரஞ்சு மேலங்கி இல்லை. லியோனா அப்படியே எழுதினாள்: 'இறந்தவர் ஆரஞ்சு அணிந்திருக்கவில்லை.' அந்த ஒரு வரியோடு வழக்கு விபத்தாகி மூடப்பட்டது.

டோபினின் தாய் நெல்டா அலுவலகத்துக்கு வந்து, தன் மகன் அந்த மேலங்கி இல்லாமல் வாசற்படி தாண்டமாட்டான், அதில் அவன் பெயரைத் தானே தைத்துக் கொடுத்தேன் என்று சொன்னாள். லியோனா அவளுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினாள். நாலு மாதம் கழித்து அலுவலகத்தில் மேசையை நகர்த்தியபோது, சுவரோரம் விழுந்துகிடந்த ஒரு துண்டுச்சீட்டு கிடைத்தது. தொலைபேசியில் வந்த செய்தி. 'டோபின் டிட்மர். அதிகாரி ரைன்பாக்கிடம் மட்டுமே பேசவேண்டுமாம். திங்கட்கிழமை வருகிறாராம்.' தேதி, அவன் செத்ததற்கு முந்தின நாள்.

அந்த வாரமே லியோனா வேலையை விட்டாள். சீட்டை மட்டும் இன்னும் விடவில்லை.

மதியம் ஈபலிங் தன் வண்டியிலேயே அவர்களைப் பீப்பாய் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனார். ஆனால் இறங்கவில்லை. வண்டிக்குள் இருந்தபடியே கையை நீட்டிக் காட்டினார்.

மூன்று இரும்புக் கால்களில் ஆளுயரத்துக்குமேல் நிற்கும் பீப்பாய். அடியில் பேட்டரியும் கடிகாரமும் வைத்த பெட்டி. காலையிலும் மாலையிலும் குறித்த நேரத்துக்கு ஒரு தட்டு சுழன்று மக்காச்சோளத்தைச் சுற்றிலும் வீசியடிக்கும். சுற்றி இடுப்பளவு கம்பிவேலி. மான் தாண்டும், பன்றி தாண்டாது. அந்த வேலியில் ஒரு பக்கம் திறந்திருந்தது. கம்பியை வெட்டவில்லை. இணைத்திருந்த இரும்பு முளைகளை உருவி, ஒன்றுகூடத் தொலையாமல் வரிசையாக வேலியிலேயே தொங்கவிட்டிருந்தார்கள்.

"நாசம் பண்ண வந்தவன் சாமானை ஒழுங்கா அடுக்கி வச்சிட்டுப் போயிருக்கான்" என்றான் டேயோ. "என் மருமகனா இருக்க வாய்ப்பே இல்ல."

தரையில் ஆறு குழிகள். ஒரு சாண் அகலம், முழங்கை ஆழம். உள்ளே புளித்த சோளம். பீர் வாடையும் ஸ்ட்ராபெர்ரிப் பொடியின் வாடையும் குப்பென்று மூக்கில் ஏறின. பன்றியை வரவழைக்க வேட்டைக்காரர்கள் செய்கிற வேலைதான் அது. கடைசி மணி கிடைக்கும்வரை பன்றி விடாது, மூக்காலேயே பூமியைப் பிளக்கும். ஆனால் லியோனா பார்த்தது குழியை அல்ல, குழிகளின் வரிசையை. நூல் பிடித்தாற்போல ஒரே கோடு. நாலு காலடிக்கு ஒன்று. ஒவ்வொன்றும் பீப்பாயை நோக்கி நெருங்கி வந்தது. ஆறாவது குழி வேலிக்கு உள்ளேயே இருந்தது.

பன்றிகள் சோளத்துக்காகத் தோண்டுகின்றன. குழி போட்டவனோ பன்றிகளை வைத்துத் தோண்டுகிறான்.

பிறகு அவள் நிமிர்ந்து நாலாபுறமும் பார்த்தாள். சுண்ணாம்புப் பாறை வெளிறிப்போய்க் கிடந்த பொட்டல். நிழல் கிடையாது, புதர் கிடையாது. தீனிப்பீப்பாய் வைக்க இடம் தேடுகிறவன் முதலில் மான் நடக்கிற தடத்தைப் பார்ப்பான், பிறகு ஒதுங்க மறைவு, பிறகு காற்று. இங்கே மூன்றும் இல்லை. சிதறிக்கிடந்த சோளத்துக்கு நடுவே ஒரு மான் குளம்பு கூடப் பதிந்திருக்கவில்லை. ஓக் தோப்பு கண்ணெதிரே இருந்தது. அதற்கடியில், பையன் விழுந்த இடத்தில், அவன் தாய் நட்டுவைத்த இரும்புச் சிலுவை.

வண்டிக்குத் திரும்பி, பீப்பாயை ஏன் தோப்பிலிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டாள். ஈபலிங் தொப்பியைத் தொட்டுக்கொண்டார். ஒரு உயிர் போன இடத்தில் மறுபடி வேட்டையாட மனசு கேட்கவில்லை என்றார். மூன்று வருடத்துக்கு முன் இதே வார்த்தையைத்தான் சொன்னார். பாதிரியார்கூட அதைப் பிரசங்கத்தில் எடுத்துச் சொன்னார். அன்று லியோனாவும் தலையாட்டினாள்.

இந்தத் தடவை அவள் சிலுவையிலிருந்து பீப்பாய்வரை நடந்து எண்ணினாள். நாற்பது காலடி.

"ஆயிரத்து நூறு ஏக்கர் இருக்கு" என்று டேயோ பக்கத்தில் வந்து முணுமுணுத்தான். "மனசு கேக்கலைன்னு நாப்பது காலடி தள்ளி வச்சிருக்கார். மாமியாரைப் பிடிக்காம வீடு மாத்தினப்ப நான் அடுத்த மாவட்டத்துக்கே போனேன், ஹெஃபா."

லியோனா வண்டியருகே போய், பேசாமல் பீப்பாயை ஓடைப்பக்கம் மாற்றிவிட்டால் தொல்லை தீருமே, நாளைக்கே ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்ற சொல் அவள் வாக்கியம் முடிவதற்குள் வந்தது. சோளம் கொட்ட வரும்போதும் ஹாரன் அடிக்கிறார்களா என்று கேட்டாள். அவர் யோசித்து, அப்போது அடிப்பதில்லை என்றார். வேறு எப்போது? சும்மா வரும்போது.

வண்டியின் பின்தட்டில் ஒரு மண்வெட்டி கிடந்தது. கடைச்சீட்டு இன்னும் கிழிக்காமல் ஒட்டியிருந்த புது மண்வெட்டி. மூட்டையோடு வந்தால் ஹாரன் இல்லை, மண்வெட்டியோடு வந்தால் உண்டு. அந்த நிமிடத்திலிருந்து லியோனாவின் மனதில் ஈபலிங் 'அவர்' இல்லை, 'அவன்'.

கிளம்பும் முன் வேலியில் தொங்கிய முளை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். தலைப்பக்கம் இரும்பைச் சூடாக்கிப் பன்றிவால்போல ஒரு சுருள் சுற்றியிருந்தது. பீப்பாயின் கால்களிலும் அதே சுருள். இந்த வட்டாரத்தில் அப்படி முடிக்கிற வெல்டிங் கை ஒன்றுதான்.

டேயோவும் அந்தச் சுருளை விரலால் தடவிப் பார்த்தான்.

நெல்டா டிட்மரின் வெல்டிங் பட்டறைக் கதவில் 'மூடியிருக்கிறது' என்ற அட்டை தொங்கியது. மூன்று வாரமாக அப்படித்தான் என்றார் எதிர்வீட்டுக்காரர். லியோனா டேயோவோடு நேரே மாவட்டச் சாலையில் ஏறி, ஈபலிங் பண்ணைக்கு எதிரே சாலை குன்றின்மேல் வளைகிற இடத்தில் வண்டியை நிறுத்தினாள். சீடர் மரங்களுக்கு நடுவே ஒரு பழைய பிக்கப். ஓட்டும் இருக்கையில் அறுபத்து நாலு வயது நெல்டா, மடியில் பைனாகுலர், பக்கத்தில் சாப்பாட்டு டப்பா, ஜன்னலோரம் துப்பாக்கி. கைவிரல்கள் முழுக்கப் பழைய தீக்காயம்.

"வர இவ்வளவு நாளாச்சா?" என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

லியோனா மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். நெல்டா எதையும் மறைக்கவில்லை. ஆமாம், வேலி தாண்டினேன், குழி போட்டேன், சோளம் புளிக்கவைத்தேன், நானே தோண்டினால் நம்பமாட்டார்கள் என்று பன்றியை விட்டேன், பிடித்துக்கொடுப்பதென்றால் கொடு என்றாள். பிறகு, கேட்காமலே மற்றதையும் சொன்னாள். மகனைப் புதைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வெளியூரிலிருந்து ஒருவன் வந்து தீனிப்பீப்பாய் ஒன்று செய்யச் சொன்னான். யாருக்கென்று சொல்லவில்லை. அழுதுகொண்டே செய்து கொடுத்தாள். இந்த வருடம் மகன் சிலுவைக்குச் சாயம் அடிக்கப் போனபோதுதான், பொட்டலில் நின்ற பீப்பாயில் தன் கைச்சுருளைப் பார்த்தாள்.

"நானூறு பீப்பாய் செஞ்சிருக்கேன்" என்றாள் நெல்டா. "எல்லாரும் சோளத்தைப் பன்னிகிட்ட இருந்து காப்பாத்தத்தான் சொல்லுவாங்க. இது ஒண்ணுக்குத்தான் காலை கான்கிரீட்ல புதைக்கணும், வேலி தரைக்குள்ள ஒரு அடி இறங்கணும், உள்ள எதுவும் தோண்டக்கூடாதுன்னு சொன்னாங்க. எதைத் தோண்டக்கூடாது? என் பிள்ளை மேல இருந்து உருவினதை எங்கே வச்சிருக்கான்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சது. அதுக்கு மூடி செஞ்சு குடுத்தவளே நான்தான்."

டோபின் எதற்காகச் செத்தான் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஈபலிங் வேட்டைக்காலம் இல்லாத மாதங்களில் பெரிய கொம்பு மான்களைப் பணக்காரர்களுக்கு விற்றுச் சுடவிட்டான். டோபின் அதைப் பார்த்துவிட்டான், சொல்லப்போகிறேன் என்றான். இதை அவள் ஷெரீஃப் அலுவலகத்தில் சொன்னபோது, துக்கத்தில் பேசுகிறீர்கள் என்று தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

லியோனா சட்டைப்பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து அவள் மடியில் வைத்தாள். நெல்டா படித்தாள். மறுபடி படித்தாள்.

"ஆரஞ்சு போடலைன்னு நீதான் எழுதின" என்றாள் கடைசியில்.

"நான்தான்."

"அவன் உன்னை நம்பித்தான் போன் பண்ணியிருக்கான்."

"ஆமா."

லியோனா மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தாள், ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்வது பிச்சை கேட்பதுபோல இருந்தது. அதற்குப் பதில் வேலையைப் பற்றிப் பேசினாள். பன்றி கிளறி மேலங்கி வெளியே வந்தாலும் பிரயோஜனம் இல்லை, தாயே கொண்டுவந்து போட்டாள் என்பார்கள். ஈபலிங் தன் கையாலேயே, அது எங்கே இருக்கிறதென்று தெரிந்த ஒருவன் தோண்டுவதுபோலத் தோண்டி எடுக்கவேண்டும். அதற்கு அவனுக்கு அவசரம் வரவேண்டும், பயம் போகவேண்டும். இரண்டையும் நான் தருகிறேன், நீங்கள் ஒரே ஒரு நாள் ஹாரன் அடிக்காமல் இருங்கள் என்றாள்.

"மானுக்குத் தீனி வைக்கறாப்பல" என்றான் டேயோ ஜன்னலுக்கு வெளியே நின்று. "அவருக்குப் பிடிச்ச ருசி எதுன்னு மட்டும் சரியாப் பாத்துக்கணும்."

செவ்வாய்க்கிழமை காலை லியோனா பண்ணைவீட்டுக்குப் போய் ஈபலிங்கின் சமையலறையில் உட்கார்ந்து, அவன் மனைவி பீச் பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரத்தைச் சாப்பிட்டபடி வாய் கூசாமல் பொய் சொன்னாள். தொல்லை கொடுத்தது அண்டை ஊர்க்காரன் ஒருவன், உங்கள் வேட்டைக்காரர்களைத் தன் பண்ணைக்கு இழுக்கப் பார்த்தான், மிரட்டி எழுதி வாங்கிவிட்டேன், இனி குன்றுமேல் யாரும் இருக்கமாட்டார்கள். ஈபலிங்கின் தோள்கள் தளர்ந்து இறங்கியதை அவள் ருசித்துப் பார்த்தாள். பிறகு இன்னொன்றும் சொன்னாள். பன்றிகள் ஒரு தடவை ருசி கண்ட இடத்தை விடாது, ஆறாவது குழி உங்கள் பீப்பாயின் கால்களுக்கு அடியில் போய்விட்டது, கான்கிரீட் ஆடுகிறது. வேட்டைக்காரர் தலையில் விழுந்தால் நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும். ஆகவே என் செலவிலேயே இருக்கட்டும் என்று ஆட்களுக்குச் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை காலை இயந்திரத்தோடு வந்து ஆறடி ஆழத்துக்கு அடியோடு பெயர்த்து, புதுக் கால் நட்டுத் தருவார்கள்.

ஈபலிங்கின் முள்கரண்டி தட்டில் நின்றது.

"வியாழக்கிழமையா?" என்றான்.

"காலைல எட்டு மணிக்கு. நீங்க ஒண்ணும் பண்ணவேண்டாம். இன்னும் ஒரு துண்டு கிடைக்குமா?"

புதன்கிழமை மதியம், துணை ஷெரீஃப் ஹாலரை ஓக் தோப்புக்குள் கேமராவோடு உட்காரவைத்துவிட்டு, லியோனா ஓடைக்கரைப் பள்ளத்தில் படுத்திருந்தாள். ஹாலர் மெலிந்த, சந்தேகப் பிராணி. ஈபலிங் கையெழுத்துப் போட்ட காகிதத்தை இரண்டு தடவை படித்து, 'லியோனாவின் ஆட்கள்' என்றால் நானும் சேர்த்தியா என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தான். நெல்டாவைக் குன்றுமேல் வண்டியிலேயே உட்காரச் சொல்லி, டேயோவைத் துணைக்கு வைத்திருந்தாள்.

ஒரு மணிக்கு வெள்ளை பிக்கப் வந்தது. ஈபலிங் இறங்கிக் குன்றைப் பார்த்தான். ஹாரன் இல்லை. மண்வெட்டியை எடுத்தான். வேலிக்குள் போனான்.

அதே நேரம் டேயோ பள்ளத்துக்குள் தவழ்ந்து வந்து சேர்ந்தான். மூச்சு இரைத்தது.

"அவங்களைக் காணோம், ஹெஃபா. காபி ஊத்தக் குனிஞ்சேன், அவ்வளவுதான். துப்பாக்கியையும் காணோம்."

லியோனா கண்ணை மூடித் திறந்தாள். நெல்டா எங்கே போயிருப்பாள் என்று யோசிக்கவே தேவையில்லை. பொட்டலுக்கு வடக்கே, பீப்பாயிலிருந்து நூற்றைம்பது கஜத்தில், தகரமும் பலகையுமாக நின்றது அந்தப் பழைய பரண். டோபினைச் சுட்டது அங்கிருந்துதான்.

ஓடைக்கரை வழியாகவே குனிந்து ஓடி, பரணின் பின்பக்க ஏணியில் ஏறினாள். ஒவ்வொரு படியும் கிறீச்சிட்டது. உள்ளே நெல்டா முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். துப்பாக்கி ஜன்னல் சட்டத்தில். கன்னம் கட்டையில். விரல் விசையில்.

"கதவைச் சாத்து" என்றாள். "காத்து உள்ள வருது."

லியோனா சாத்தினாள். தள்ளிவிடலாம், துப்பாக்கி வெடித்துவிடும். கத்தலாம், ஈபலிங் ஓடிவிடுவான். அவள் நெல்டாவின் பக்கத்தில் தானும் முட்டி போட்டாள். கீழே ஈபலிங் மேற்குக் காலுக்கு அடியில் மட்டும், வேறெங்கும் ஒரு வெட்டுகூடப் போடாமல் தோண்டிக்கொண்டிருந்தான். முதுகு இந்தப் பக்கம்.

"பன்னி மாதிரிதான் இருக்கான்" என்றாள் நெல்டா மெதுவாக. "நானும் தப்பாப் பாத்துட்டேன்னு சொல்லிடலாம். உட்கார்ந்து அழுவேன். எனக்கு நல்லா அழ வரும்."

"சொல்லலாம்" என்றாள் லியோனா. "நான்கூட எழுதித் தருவேன். ஆனா அவன் இப்பச் செத்தா, டோபின் ஆரஞ்சு போடலைங்கறது அப்படியே நின்னுடும். அவன் கவனமில்லாத பையன்னுதான் ஊர் கடைசிவரைக்கும் சொல்லும்."

"உன்னாலதான் சொல்லுது."

"என்னாலதான். அதை நானே கோர்ட்ல ஏறிச் சொல்லணும். அவன் உயிரோட உட்கார்ந்து கேக்கணும்."

நெல்டாவின் விரல் அசையவில்லை. ஈபலிங் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மண்டியிட்டு, தோள்வரை குழிக்குள் கைவிட்டான். அர்மடில்லோ என்கிற ஓடு போர்த்த சிறு விலங்கு தோண்டிய பழைய வளை அது என்று பிறகு தெரிந்தது. அன்று துப்பாக்கிச் சத்தம் கேட்டு, வேட்டைக்கு வந்து கூடாரத்தில் தங்கியிருந்த விருந்தாளிகள் ஓடிவர, அவசரத்தில் அதற்குள்தான் திணித்திருக்கிறான். மேலே நாலு கல்லைத் தள்ளி, அடுத்த மாதம் பீப்பாயை நட்டுவிட்டான். கை வெளியே வந்தது. கையில் ஒரு சுருட்டல், மண்ணுருண்டைபோல. அவன் அதை உதறினான்.

வெயிலில் ஆரஞ்சு பற்றிக்கொண்டு எரிந்தது.

மூன்று வருடம் மண்ணுக்குள் இருந்தும் அந்தச் சாயம் மங்கவில்லை. வெளிறிய பாறைக்கும் பழுப்புப் புல்லுக்கும் நடுவே, அந்தப் பொட்டலிலேயே கண்ணில் அறைகிற ஒரே நிறம் அதுதான். நெல்டா துப்பாக்கியின் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுத்தாள். வெறுங்கண்ணால் பார்த்தாள். பிறகு தன் மூக்குக்கண்ணாடியையும் கழற்றி மடியில் வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"தெரியுது" என்றாள். "எனக்கே தெரியுது. அவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்."

துப்பாக்கியை லியோனாவின் பக்கம் நகர்த்தினாள். "எடுத்துக்கோ. என் கையில இருந்தா சுட்டுடுவேன்."

லியோனா தோட்டாவை வெளியே எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

கீழே ஈபலிங் மேலங்கியைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டிருந்தபோது ஹாலர் தோப்பிலிருந்து வெளியே வந்து, அப்படியே நில்லுங்கள் என்றான். ஈபலிங் முதலில் பன்றி கிளறிப் போட்டது என்றான். ஹாலர் கேமராவைத் தட்டிக்காட்டினான். பிறகு, பரணிலிருந்து இறங்கி வருகிற இரண்டு பெண்களையும் ஈபலிங் பார்த்தான். லியோனாவைப் பார்த்து, நான் அமர்த்திய ஆள் நீ என்று ஆரம்பித்தவன், பக்கத்தில் யார் வருகிறதென்று புரிந்ததும் நிறுத்திவிட்டான்.

ஹாலர் மேலங்கியை ஒரு வெள்ளைத் துணியில் விரித்தான். முதுகில் ஒரு ஓட்டை. அதற்குமேல், கறுப்பு நூலில், பெரிய எழுத்துகளில் டோபின் என்ற பெயர். தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை. டேயோ தொப்பியைக் கழற்றினான்.

நெல்டா அதைத் தொடக்கூடாது என்று ஹாலர் சொன்னான். சரி என்றாள். குனிந்து, நிழல் விழாதபடி கொஞ்சம் தள்ளி நின்று, தன் தையலைப் பார்த்தாள். ஈபலிங்கை வண்டியில் ஏற்றியபோது எழுந்து போய், மூடுவதற்கு முன் கதவைப் பிடித்துக்கொண்டாள். அவன் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்தான்.

"என்னைப் பாரு, கார்லண்ட்."

அவன் பார்க்கவில்லை. அவள் காத்திருந்தாள். ஹாலரும் அவசரப்படுத்தவில்லை. ஒரு கட்டத்தில் அவனால் முடியாமல் திரும்பினான்.

"உடம்பைப் பாத்துக்கோ" என்றாள் நெல்டா. "நல்லாச் சாப்பிடு. மருந்தெல்லாம் நேரத்துக்குப் போடு. உன்னை எந்த ஜெயில்ல வச்சாலும் பார்க்க விடற நாளெல்லாம் நான் வருவேன். எதிர்ல உக்காருவேன். ஒண்ணும் பேசமாட்டேன். நீ ரொம்ப வருஷம் இருக்கணும்."

கதவை அவளே சாத்தினாள்.